36 மணி நேரத்தில் ஓர் அட்டை
வாசகர் கேள்வி – பதில்

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு கொடுத்திருந்தோம். ‘பேறுகாலக் கவனிப்பும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நலமும் உள்ளாட்சிகளிடமே விடப்பட்டன’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்துக்குச் சட்டம் தனி.

கேள்வி: குழந்தை பிறந்த இரண்டு வாரத்தில் அரசாங்க நர்ஸ் வீடு தேடி வந்துவிடுவாராமே? பிறந்த சேதி அவருக்கு எப்படித் தெரியும்? – வாசகி, தஞ்சாவூர்

ஓர் அட்டை மூலமாகத்தான். இதைப் பிறப்புப் பதிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பதிவாளர் அலுவலகத்தில் பெயர் எழுதிக்கொள்ள 42 நாள் அவகாசம் உண்டு. அந்த 42 நாளுக்குள் சாக வேண்டிய குழந்தை செத்தே போயிருக்கும் என்பதுதான் பழைய நிலைமை. அதனால் 1907-ல் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். குழந்தை பிறந்து 36 மணி நேரத்துக்குள் உள்ளூர் நகர்நல அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அது. முதலில் விரும்பிய ஊர்கள் மட்டும் அதை ஏற்கலாம் என்றிருந்தது. 1915-ல் நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. இதற்கு முன்னோடி ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற கம்பளி ஆலை நகரம். 1906-லேயே தனக்கென்று ஒரு சட்டம் வாங்கி, 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அங்கே வைத்துவிட்டார்கள்.

சட்டப்படி இது தகப்பனின் கடமை, பிரசவத்தின்போது உடனிருந்தவரின் கடமையும்கூட. நடைமுறையில் மருத்துவச்சிதான் எழுதித் தபாலில் போடுவார். பெயர், விலாசம், பிறந்த தேதி, உயிரோடு பிறந்ததா இல்லையா என்பதோடு சரி. 1944-க்குப் பிறகு ஒரு விவரம் சேர்ந்தது: எடை ஐந்தரை பவுண்டோ (சுமார் இரண்டரை கிலோ) அதற்குக் குறைவோ என்றால் அதையும் குறிக்க வேண்டும். குறைமாதக் குழந்தைக்குத் தனிக் கட்டில், வெந்நீர்ப் பை, சிறிய பால்புட்டி எல்லாம் நகராட்சி இரவலாகக் கொடுத்தது. யாருக்குக் கொடுப்பது என்று தெரிய அந்த எடை தேவைப்பட்டது.

அலுவலகத்தில் எழுத்தர் அந்தத் தகவலை ஒரு பதிவு அட்டையில் ஏற்றி, அந்தத் தெருவுக்குரிய ஹெல்த் விசிட்டரிடம் – நீங்கள் கேட்ட, வீடு தேடி வரும் நர்ஸ் அவர்தான் – தருவார். முதல் இரண்டு வாரம் மருத்துவச்சியின் பொறுப்பு. முதல் மூன்று நாள் காலையும் மாலையும் வருவார், பிறகு தினம் ஒருமுறை. அவர் விடைபெறும் நேரத்தில் ஹெல்த் விசிட்டர் கதவைத் தட்டுவார். பிள்ளைக்கு ஐந்து வயதாகிப் பள்ளி மருத்துவரிடம் ஒப்படைக்கும்வரை அந்த அட்டை அவர் கையில் இருக்கும்.

அட்டை எங்கே வழுக்கியது? ஊர் எல்லையில்தான். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் தகவல் அந்த ஊர் அதிகாரிக்குப் போகும். அவர் அதைத் தாயின் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், குண்டுவீச்சில் வீடிழந்து உறவினர் வீட்டு அறையொன்றில் ஒண்டியிருந்தவள், மாதத்துக்கொருமுறை வீடு மாற்றியவள் – இவர்களுடைய அட்டைகள் எளிதில் தொலைந்தன. கவனிப்பு அதிகம் தேவைப்பட்டவர்களும் இவர்களேதான்.

நம் நாட்டில் சுகாதாரப் பார்வையாளர் என்று ஒரு பதவி இருந்ததே, அதற்கும் இதுதான் மூலம். 1918-ல் டெல்லியில் தொடங்கி, பின்னாளில் லேடி ரீடிங் பெயரைத் தாங்கிய பள்ளி இந்த மாதிரியில்தான் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது.

கேள்வி: பணக்கார நாடாயிற்றே, அப்போதே எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெற்றிருப்பார்கள்? வீட்டில் என்றால் என்ன ஏற்பாடு செய்வார்கள்? – வாசகி, கோவில்பட்டி

1946 மார்ச் 3 முதல் 9 வரை ஒரு வாரத்தில் குழந்தை பெற்ற தாய்மார்களைப் பின்னாளில் தேடிப் போய் விசாரித்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 13,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வீட்டில்தான் பிரசவம். அடுத்த ஆண்டு, 1947-ல், இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 8,81,000 குழந்தைகள் பிறந்தன. ஆஸ்பத்திரியில் அத்தனை கட்டில் ஏது?

வீட்டுப் பிரசவம் என்றால் ஏதோ ஏனோதானோ என்று நினைத்துவிடக் கூடாது. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவச்சி என்பவர் உள்ளாட்சியிடம் மாதச் சம்பளம் வாங்கும், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற பெண். பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே வந்து வீட்டைப் பார்த்துவிடுவார். தண்ணீர்க் குழாய் எங்கே, கணப்பு அடுப்பு எரியுமா, மூத்த பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பார்கள், நள்ளிரவில் ஓடிப்போய்த் தொலைபேசியில் சொல்ல யார் இருக்கிறார்கள் – இதெல்லாம் அந்த ஒரு வருகையில் தெரிந்துவிடும்.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்படி போட வேண்டும். மெத்தை நடுவில் குழிந்திருந்தால் அடியில் பலகை. மேலே ரப்பர் விரிப்பு, அதன்மேல் பழுப்புக் காகிதம் அல்லது பழைய செய்தித்தாள் அடுக்கு, அதற்கும் மேலே துவைத்த பழைய துப்பட்டி. நனைய நனைய மேலடுக்கைச் சுருட்டி எறிந்துவிடலாம். இரண்டு கிண்ணம், ஒரு வாளி, கொதிக்க வைத்து மூடி ஆறவிட்ட தண்ணீர் ஒரு ஜாடி, கொதிக்கும் தண்ணீர் ஒரு கெட்டில். இரண்டும் வேண்டும், வெந்நீர் மட்டும் இருந்து ஆறிய நீர் இல்லாவிட்டால் குழந்தையைத் துடைக்க முடியாது. தேசிய சேவை வந்தபின் பஞ்சு, துணிப்பட்டை, தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாம் கிருமி நீக்கிக் கட்டிய பொட்டலமாக உள்ளாட்சியே இலவசமாகக் கொடுத்தது. அதைப் பிரசவ நேரம்வரை பிரிக்கக் கூடாது. ஆவலில் பிரித்துப் பார்த்துத் திரும்ப மடித்து வைத்தால் அது வெறும் துணி மூட்டைதான்.

அந்த நாட்டு வழக்கப்படி தாய் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பெறுவாள். குழந்தை வந்தபின்தான் மருத்துவச்சியின் கண் கூர்மையாக வேலை செய்ய வேண்டிய கட்டம். நஞ்சுக்கொடி விழுந்ததும் அதைக் கிண்ணத்தில் போட்டுக் கழுவி, உள்ளங்கையில் விரித்துப் பார்ப்பார். தாயின் கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கம் பலாச்சுளைகளை நெருக்கி வைத்தாற்போல மடல் மடலாக இருக்கும். சுளைகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். எங்காவது ஒரு சுளைக்கு இடம் காலியாகக் கிழிந்திருந்தால் அந்தத் துண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். சவ்வையும் கைவிட்டு விரித்துப் பார்ப்பார், ஒரே ஓட்டையோடு பை முழுசாக இருக்கிறதா என்று. துண்டு தங்கினால் கருப்பை சுருங்காது. சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. ரத்தப்போக்கு 20 அவுன்ஸை (அரை லிட்டருக்குச் சற்று மேல்) தாண்டினால் ஆபத்துக் கணக்கு. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். அவராலும் ஆகாதென்றால் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மகப்பேறு மருத்துவரும் ரத்தப் புட்டிகளுமாக அவசரப் படை வீட்டுக்கே வரும். அதைப் ‘பறக்கும் படை’ என்றே அங்கே சொன்னார்கள். எல்லாம் சரியென்றால் நஞ்சுக்கொடியைச் செய்தித்தாளில் சுற்றி அடுப்பில் போட்டுவிடுவதும் உண்டு.

அடுத்த 14 நாளும் தினமும் தாயின் நாடி, காய்ச்சல். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். குழந்தையின் கண்ணில் பீளை கட்டினால்கூட மருத்துவச்சி தானே மருந்து போடக் கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

கேள்வி: வலி தெரியாமல் இருக்க ஏதோ வாயு கொடுப்பார்களாமே? – வாசகர், சேலம்

சிரிப்பூட்டும் வாயு என்கிறோமே, நைட்ரஸ் ஆக்சைடு, அதைக் காற்றோடு கலந்து சுவாசிக்கும் பெட்டி. 1933-ல் லிவர்பூலைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் மின்னிட் உருவாக்கினார். 1936-ல் மருத்துவச்சிகள் தாங்களே பயன்படுத்தலாம் என்று அனுமதி கிடைத்தது.

பயன்படுத்துவதில் இரண்டு விதி முக்கியம். முகமூடியைத் தாயே தன் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேறு யாரும் அமுக்கக் கூடாது. மயக்கம் கூடினால் கை தளர்ந்து முகமூடி தானாக விழுந்துவிடும், அதுவே பாதுகாப்பு. இரண்டாவது, வலி உச்சத்துக்குப் போனபின் இழுத்துப் பயனில்லை. வாயு வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆகும். கருப்பை இறுகத் தொடங்குவதை வயிற்றில் கைவைத்து உணர்ந்த உடனேயே ஆழமாக இழுக்கத் தொடங்க வேண்டும். ‘வாயு எனக்குப் பிடிக்கவேயில்லை’ என்ற தாய்மார்களில் பலர் தாமதமாக இழுத்தவர்கள்.

இருந்தும் 1946 கணக்கெடுப்பில் வீட்டில் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் இப்படி ஏதாவது வலி நிவாரணம் கிடைத்திருந்தது. பெட்டி கனம், சைக்கிளில் போகும் மருத்துவச்சி அதை எப்படித் தூக்கிப் போவார்? தவிர, பிரசவத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் தாயை மருத்துவர் பரிசோதித்துத் தகுதிச் சான்று தந்திருக்க வேண்டும், இன்னொரு ஆளும் உடனிருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. 1949-ல் இதை எல்லாருக்கும் உரிமையாக்கப் பீட்டர் தார்னிகிராஃப்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா நாடாளுமன்றத்தில் தேறவில்லை. 1950-களில் பெதடின் என்ற வலி நிவாரண ஊசி பரவியது. அதிலும் ஒரு கணக்கு உண்டு: ஊசி போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் அதுவும் மயங்கியே பிறக்கும், மூச்செடுக்கச் சுணங்கும்.

காற்றுக்குப் பதில் ஆக்சிஜனையே சரிபாதியாகக் கலந்த உருளை 1960-களில் வந்தது. பழைய பெட்டியில் தாய்க்குப் போய்ச் சேர்ந்த ஆக்சிஜன் சாதாரணக் காற்றில் இருப்பதில் பாதி அளவுதான் என்பதை நினைத்தால், அது இவ்வளவு தாமதமாக வந்தது வியப்பாக இருக்கிறது.

கேள்வி: 1948-க்குப் பிறகு எல்லாமே இலவசம். பிறகென்ன குறை? – வாசகர், நாகர்கோவில்

காசு போயிற்று, அலைச்சல் வந்தது. புதிய சேவையை மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிகள் வட்டார வாரியங்களிடம் போயின. குடும்ப மருத்துவர்கள் தனிக் குழுவின் கீழ் வந்தார்கள். மருத்துவச்சி, ஹெல்த் விசிட்டர், தாய்சேய் நல மையம், வீட்டு வேலைக்கு உதவியாள், தடுப்பூசி ஆகியவை கவுண்டி கவுன்சில்களிடமும் (மாவட்ட மன்றங்கள்) பெருநகராட்சிகளிடமும் நின்றன. ஒரே வயிற்றுக்கு மூன்று அதிகாரம்!

விளைவைப் பாருங்கள். கர்ப்பிணி ஒருத்தி ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பதிந்திருப்பாள். குடும்ப மருத்துவரும் பேறுகாலக் கவனிப்புக்குத் தனிக் கட்டணம் பெறுவதால் அவரிடமும் கையெழுத்துப் போட்டிருப்பாள். பழக்கத்தில் நகராட்சி மையத்துக்கும் போவாள். மூன்று இடத்திலும் எடை, ரத்த அழுத்தம், சிறுநீர் என்று பார்ப்பார்கள். ஓரிடத்துக் குறிப்பு அடுத்த இடத்துக்குப் போகாது. அல்லது இதைவிட மோசமாக, ‘அங்கே பார்த்திருப்பார்கள்’ என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

விட்டுவிடக் கூடாத சோதனை சிறுநீர்ச் சோதனை. சோதனைக் குழாயில் முக்கால் அளவு சிறுநீர் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் மேல்பாகத்தை மட்டும் சூடாக்க வேண்டும். அடிப்பாகம் தெளிவாக இருப்பதால் மேலே கலங்கினால் பளிச்சென்று வித்தியாசம் தெரியும். கலங்கினால் நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு. கலங்கல் மறைந்தால் அது வெறும் உப்பு, பயமில்லை. மறையாமல் நின்றால் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறது. கூடவே ரத்த அழுத்தம் ஏறி, விரலில் மோதிரம் இறுகும்படி வீக்கமும் கண்டால் பேறுகால வலிப்புக்கு முன்னறிகுறி. இது கடைசி மாதங்களில் திடீரென்று வரும். அதனால்தான் கர்ப்பத்தின் 28 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கொருமுறை, 36-க்குப் பிறகு வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும் என்று 1929-லேயே வகுத்திருந்தார்கள்.

1956-ல் சுகாதார சேவையின் செலவை ஆராய்ந்த கில்போ குழுவே பேறுகாலச் சேவை குழம்பிக் கிடக்கிறது, தனியாக ஆராய வேண்டும் என்று எழுதியது. ஆராய வந்த க்ரான்புரூக் குழு 1959-ல், நூற்றுக்கு 70 பிரசவமாவது ஆஸ்பத்திரியில் நடக்கட்டும் என்றது. கட்டில் பற்றாக்குறைக்கு பிராட்ஃபோர்ட் நகரம் வேறு வழி கண்டது. பத்து நாளுக்கு மேல் படுக்க வைக்கும் வழக்கத்தை விட்டு, சிக்கல் இல்லாத தாயையும் பிள்ளையையும் இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பி, மீதி நாளை வட்டார மருத்துவச்சி பார்த்துக்கொண்டார். வீடு எப்படி இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்ததால்தான் அது நடந்தது. மூன்று துறையும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொண்டால் என்ன முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: தாய்சேய் நல மையத்தில் என்னதான் செய்வார்கள்? குழந்தையை நிறுத்து அனுப்புவார்கள், அவ்வளவுதானா? – வாசகி, பாளையங்கோட்டை

பெரும்பாலும் சர்ச் கூடத்தில், வாரத்தில் ஒன்றிரண்டு பிற்பகல். வாசலில் வரிசையாகத் தள்ளுவண்டிகள். உள்ளே தன்னார்வப் பெண்கள் தேநீர் கொடுப்பார்கள், அட்டை எடுத்துத் தருவார்கள். துணியெல்லாம் கழற்றிக் குழந்தையை நிறுப்பார்கள். பிறகு ஹெல்த் விசிட்டரிடம் பேச்சு, தேவையென்றால் மருத்துவர்.

ஆனால் அந்த மருத்துவர் மருந்து எழுத மாட்டார். இது பலருக்கும் புரியாத விஷயம். அறிவுரை மட்டும்தான், நோய் என்றால் குடும்ப மருத்துவரிடம் போ என்பார். குடும்ப மருத்துவர்கள் தங்கள் பிழைப்பில் கைவைக்கக் கூடாதென்று ஆரம்பத்திலிருந்தே போராடிப் பெற்ற எல்லைக்கோடு அது. எல்லாம் இலவசமானபின் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை, ஆனாலும் நின்றது.

எடை பற்றி. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 6 முதல் 8 அவுன்ஸ் ஏறினால் நன்று. ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிக்கும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். ஆனால் ஒரு வாரத்து எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. பால் குடித்தவுடன் நிறுத்தால் நாலு அவுன்ஸ் கூடும், மலம் கழித்தபின் நிறுத்தால் குறையும். ‘இந்த வாரம் ஏறவே இல்லையே’ என்ற பயத்தில் தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிக்குப் போனவர்கள் ஏராளம். தராசு செய்த கெடுதல் இது. நான்கு மணி நேரத்துக்கொருமுறை மட்டுமே பால், காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொன்ன அந்தக் காலத்து அறிவுரையும் சேர்ந்துகொண்டது. அடிக்கடி சப்பினால்தான் பால் ஊறும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த சங்கதி.

கேள்வி: அரசாங்கமே பால் பவுடரும் ஆரஞ்சுச் சாறும் கொடுத்ததாகப் படித்தேன். ஏன் நிறுத்தினார்கள்? – வாசகர், ஈரோடு

1940 ஜூலையில் போர் நெருக்கடியில் தொடங்கியது. கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் நாளொன்றுக்கு ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) பால் இரண்டு பென்னிக்கு, வசதியில்லாதவர்க்கு இலவசம். திரவப் பால் வேண்டாதவர்கள் வாரம் ஏழு பைண்டுக்கு ஈடாக 20 அவுன்ஸ் டின் ஒன்று ‘நேஷனல் ட்ரைட் மில்க்’ வாங்கலாம். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் பச்சை அட்டை போட்ட ரேஷன் புத்தகம். முட்டை கூடுதல், பழக்கடையில் முதல் உரிமை. ஆரஞ்சுச் சாறும் மீன் எண்ணெயும் தனி. உணவு அமைச்சகத்தின் அலுவலகங்கள் 1954-ல் மூடப்பட்டபோது இந்த விநியோகம் உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. நல மையங்களின் மூலையெல்லாம் டின் அடுக்கானது.

பவுடரில் இரண்டு கோளாறு. முதலாவது கரண்டியில். குழந்தையின் ஒரு பவுண்டு எடைக்கு நாளொன்றுக்கு இரண்டரை அவுன்ஸ் பால் என்பது கணக்கு. 10 பவுண்டு குழந்தைக்கு 25 அவுன்ஸ், ஐந்து வேளைக்கு ஐந்தைந்து. அளவுக் கரண்டியைக் கத்தி முனையால் வழித்துச் சமமாக்க வேண்டும். கூம்பாக அள்ளினாலும், டின்னுக்குள் அமுக்கி எடுத்தாலும் பால் கெட்டியாகிவிடும். பசும்பாலில் உப்பு தாய்ப்பாலைவிட அதிகம். கெட்டிப் பால் குடித்த குழந்தைக்குத் தாகம் எடுக்கும், அழும். பசி என்று நினைத்துத் தாய் இன்னும் அதே பாலைக் கொடுப்பாள். இதற்கிடையில் வயிற்றுப்போக்கு வந்து உடல் நீர் வற்றினால் ரத்தத்தில் உப்பு எகிறி மூளையைத் தாக்கும். அழுகிற குழந்தைக்குக் கொதித்தாறிய வெறும் தண்ணீர் கொடுத்துப் பார்க்கச் சொன்ன ஹெல்த் விசிட்டர்கள் எத்தனையோ உயிரைக் காத்திருப்பார்கள்.

இரண்டாவது கோளாறு அரசாங்கத்தின் நல்லெண்ணத்தால் வந்தது. ரிக்கெட்ஸ் என்ற எலும்பு வளைநோயை ஒழிக்க பவுடரில் வைட்டமின் டி சேர்த்தார்கள். குழந்தைத் தானிய உணவிலும் சேர்த்தார்கள். மீன் எண்ணெயும் கொடுத்தார்கள். மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த அக்கறையுள்ள தாயின் பிள்ளைக்கு நாளுக்கு 4,000 யூனிட்வரை போய்ச் சேர்ந்தது. தேவையோ அதில் பத்தில் ஒரு பங்கு. 1950-களின் தொடக்கத்தில் சாப்பிட மறுத்து, வாந்தியும் மலச்சிக்கலுமாக இளைத்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினர். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தது. 1957-ல் அளவைக் குறைத்தார்கள்.

ஆரஞ்சுச் சாறு புட்டி 5 பென்னி, எண்ணெய் இலவசம். 1961 ஜூனில் சாறு ஒன்றரை ஷில்லிங் (18 பென்னி), எண்ணெய் ஒரு ஷில்லிங் என்று ஏற்றியதும் வாங்குவோர் குறைந்தனர். சாற்றை எல்லாரும் விரும்பினார்கள், எண்ணெயை யாரும் விரும்பவில்லை என்பது வேறு கதை. அதன் வாடை அப்படி. பவுடர் டின் 1977 வரை தாக்குப்பிடித்தது.

கேள்வி: தாய்க்குக் கையில் பணம் ஏதும் உண்டா? – வாசகி, விருதுநகர்

1946 ஆகஸ்டிலிருந்து இரண்டாவது குழந்தைக்கும் அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் தலைக்கு வாரம் ஐந்து ஷில்லிங். முதல் குழந்தைக்குக் கிடையாது. செவ்வாய்க்கிழமை அஞ்சலகத்தில் தாயின் கையில் கொடுப்பார்கள். தகப்பன் பெயரில் போகவிருந்ததைத் தாயின் பெயருக்கு மாற்றப் பாடுபட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன், முதல் பணம் கொடுக்கும் முன்பே, அதே ஆண்டு ஜனவரியில் காலமானார்.

1948-லிருந்து பிரசவத்துக்கு நான்கு பவுண்டு. வேலை பார்த்துக் காப்பீடு கட்டிய பெண்ணுக்கு 13 வாரம் வாரம் 36 ஷில்லிங். ஆஸ்பத்திரியில் பெற்றால் சோறு, படுக்கை, விளக்கு எல்லாம் இலவசம். வீட்டில் பெற்றால் நிலக்கரிகூடச் சொந்தச் செலவு. அந்த ஓரவஞ்சனையைச் சரிக்கட்ட 1953-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பிரசவத்துக்குக் கூடுதலாக மூன்று பவுண்டு சேர்த்தது.

கேள்வி: தடுப்பூசிக்குக் கட்டாயம் உண்டா? – வாசகர், வேலூர்

பெரியம்மைக்கு இருந்தது, 1948-ல் நீக்கிவிட்டார்கள். தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா ஊசி எப்போதுமே விருப்பம்தான். 1940-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 46,281 பேருக்கு அந்த நோய், 2,480 சாவு. 1957-ல் 37 பேர், 6 சாவு. ஒரு வயதுக்குள் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பள்ளி சேரும்போது ஒன்று. பிறப்பு அட்டைதான் இங்கேயும் வேலை செய்தது: முதல் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிற சாக்கில், ஊசி போட்டாயிற்றா என்று நினைவூட்டிய நகர்நல அதிகாரிகள் உண்டு.

1949–50-ல் ஒரு சறுக்கல். ஊசி போட்ட அதே கை அல்லது காலில் சில குழந்தைகளுக்குப் போலியோ வாதம் வந்தது. ஊசியில் போலியோ கிருமி இல்லை. ஏற்கெனவே போலியோ தொற்றிய குழந்தைக்குத் தசையில் ஊசி குத்தினால் அந்த இடத்து நரம்பில் நோய் இறங்குகிறது என்பது கணக்கெடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. அதனால் போலியோ பரவும் கோடை மாதங்களில் ஊசியை நிறுத்திவைத்தார்கள். காரணத்தைத் தெளிவாகச் சொல்லாத ஊர்களில், இலையுதிர் காலம் வந்தபின்னும் தாய்மார்கள் திரும்ப வரவில்லை.

கேள்வி: லண்டனில் 1950-களில் பிறந்த உறவினரின் பேறுகாலக் குறிப்புகளைத் தேட முடியுமா? – வாசகர், சென்னை

தனி ஆளின் குறிப்பு கிடைப்பது அரிது, ஊரின் நிலவரம் எளிதில் கிடைக்கும். ஒவ்வொரு நகர்நல அதிகாரியும் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். எத்தனை பிறப்பு, எத்தனை வீட்டில், மையத்துக்கு வந்தவர் எத்தனை, மருத்துவச்சிகள் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். லண்டன் அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாக ஏற்றியிருக்கிறது. பழைய பரோ (நகரப் பிரிவு) பெயரில் தேடுங்கள். 1965-ல் பரோக்களை இணைத்துவிட்டதால் இன்றைய பெயரில் தேடினால் பல இடங்களின் 1950-கள் அறிக்கை கிடைக்காமல் போகலாம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமும், பதிவுசெய்தவரின் (பெரும்பாலும் தாய் அல்லது தகப்பன்) விலாசமும் தனித்தனியாக இருக்கும். பதிவுசெய்தவர் தாயோ தகப்பனோ என்றால், இரண்டும் ஒன்றாக இருப்பது பெரும்பாலும் வீட்டுப் பிரசவம்.

மருத்துவச்சிகளின் பதிவேடுகள் சில உள்ளூர் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. தாயின் வயது, எத்தனையாவது பிள்ளை, பிரசவம் நடந்த நேரம், குழந்தை ஆணா பெண்ணா என்பதெல்லாம் வரிவரியாக எழுதியிருக்கும். நோயாளிக் குறிப்பு என்பதால் பொதுவாக 100 ஆண்டு பூட்டு. எழுதிக் கேட்கும்போது பிறந்த தேதி, அன்றைய முழு விலாசம், உறவு முறைக்குச் சான்று மூன்றையும் சேர்த்தே அனுப்புங்கள். 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி நகர்நல அதிகாரி என்ற பதவியே ஒழிந்து, இந்தச் சேவைகள் உள்ளாட்சியிடமிருந்து தேசிய சேவைக்கு மாறின. அந்த மாற்றத்தில் தாள்கள் பல கை மாறின. ஆகவே நகராட்சிக் காப்பகத்தில் இல்லை என்று பதில் வந்தால் அத்தோடு விட்டுவிடாமல், அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகளின் ஆவணங்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று அதே கடிதத்துக்குப் பதிலாகக் கேட்டு எழுதுங்கள்.